தலைக்கட்டும் தலைக்கணக்கும்

ஊர்ப்பெயர்களின் ஈறுகள் பெரும்பாலும் பொருளின்றி அமைவதில்லை. ஏரியை ஒட்டி எழுந்த ஊர் ஒரு பெயரும், காட்டை வெட்டித் திருத்திய ஊர் ஒரு பெயரும், மானியமாக விடப்பட்ட ஊர் பிறிதொரு பெயரும் பெறுகின்றன. 'பேட்டை' என்னும் ஈறு வணிகத்தின் அடையாளம். சரக்கு வண்டிகள் வந்து தங்கிய இடம், சந்தை கூடிய இடம், கோட்டைக்குப் புறத்தே வணிகக் குடிகள் வாழ்ந்த இடம் ஆகியவற்றையே அச்சொல் குறித்து வந்துள்ளது. செஞ்சிக் கோட்டையின் வடமேற்கே, திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில் அமைந்த அவலூர்பேட்டையும் அத்தகையதே. திருவண்ணாமலை நகரிலுள்ள சாலையொன்று இன்றும் அவலூர்பேட்டைச் சாலை என வழங்குவது, இவ்வூரை நோக்கி மக்கள் நடந்த நெடுநாள் நடையின் தடம் எனலாம்.

ஆயினும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வூரைக் 'கிராமம்' என்றே எழுதிக்கொண்டது. பெயர் பேட்டை, கணக்கு கிராமம். இம்முரண்பாடு தமிழாசிரியராகிய நம்மை நெடுநாள் உறுத்தி வந்ததால் எழுந்ததே இக்கட்டுரை. புள்ளிவிவரம் நம் துறை அன்று. ஆயினும் ஓர் ஊரைப் பெயர் சொல்லி அழைப்பதும் அதனை எண்ணிச் சொல்வதும் ஒரே வேலையின் இரு கூறுகள் என்பது நம் எண்ணம்.

ஓர் இடத்தை நகரம் என்று கொள்ளக் கணக்கெடுப்புத் துறை இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எனச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டவை தாமே நகரமாகிவிடும். அவ்வாறு அறிவிக்கப்படாத ஊர் மூன்று சோதனைகளைக் கடந்தால் 'கணக்கெடுப்பு நகரம்' என எழுதப்படும். மக்கள்தொகை 5,000-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். முழுநேரத் தொழில் புரியும் ஆடவருள் நூற்றுக்கு 75 பேரேனும் உழவல்லாத தொழிலில் இருத்தல் வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேரேனும் வாழ்தல் வேண்டும். 

இம்மூன்றனுள் கடைசிச் சோதனை நம் மாநிலத்தில் பொருளற்றது. தமிழ்நாட்டின் சராசரி அடர்த்தியே 2011-இல் 555 ஆகிவிட்டது. முதற் சோதனையைப் பல ஊர்கள் எளிதாகக் கடக்கும். இடறுவது இரண்டாவது சோதனையில்தான். வருவாய்க் கிராமத்தின் எல்லை கடைத்தெருவோடு நின்றுவிடுவதில்லை. ஏரியும் வயலும் கொல்லையும் அவற்றைச் சார்ந்த குடியிருப்புகளும் அவ்வெல்லைக்குள் அடங்கும். நடுவே கடையும் பட்டறையும் மருந்தகமும் வங்கியும் நெருங்கியிருக்க, சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லையும் நெல்வயலும் பரந்திருக்கும் ஊரில் சராசரி எடுத்தால் நடுவூர் மறைந்துவிடுகிறது. பெண்டிரின் தொழில் இச்சோதனையில் எண்ணிக்கைக்கே வாராது. கடையில் அமர்ந்து வணிகம் செய்யும் பெண்ணும், வீட்டில் தையல் பொறி மிதித்துக் குடும்பம் காக்கும் பெண்ணும் ஊரை நகரமாக்குவதில் பங்கற்றவராகின்றனர். இவ்வளவுகோலை வகுத்தோர் எக்காரணம் கூறினும் நமக்கு உடன்பாடில்லை.

இனி, சட்டத்தின் வழியே நகரமாவது எப்படியென்றால், அது எண்ணிக்கையைக் காட்டிலும் அரசின் முடிவைச் சார்ந்தது. 2004-இல் தமிழ்நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ஓர் ஆணையால் 'சிறப்புக் கிராம ஊராட்சிகள்' ஆயின. ஊரகத்திற்கென நடுவணரசு ஒதுக்கும் நிதி கிடைக்கும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 2006-இல் அவை மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. அந்த ஈராண்டில் அவ்வூர்களில் ஒரு தெருவும் மாறவில்லை, ஒரு வயலும் முளைக்கவில்லை, பெயர்ப்பலகை மட்டும் இருமுறை எழுதப்பட்டது. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே 2001-இல் நூற்றுக்கு 26 ஆக இருந்த நகர மக்கள் 2011-இல் ஏறத்தாழ 48 ஆயினர். பெரும்பகுதி புதிதாக நகரேறியவர் அல்லர். இருந்த இடத்திலேயே இருந்தனர். அவர்தம் ஊர்கள் மேற்கூறிய மூன்று சோதனைகளையும் கடந்துவிட்டன. இந்தியா முழுமையிலும் கணக்கெடுப்பு நகரங்கள் 2001-இல் 1,362 ஆக இருந்து 2011-இல் 3,894 ஆக உயர்ந்தன.

ஆகவே, 'ஓர் ஊரின் மக்கள்தொகை கூடியது' என்னும் தொடரைக் கேட்டவுடன் நம்பிவிடுதல் கூடாது. பிறப்பு மிகுந்து கூடலாம். வெளியிலிருந்து மக்கள் வந்து கூடலாம். எல்லைக்கோட்டை நகர்த்துவதாலும் கூடலாம். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகரின் மக்கள் 46 லட்சத்துச் சொச்சம். அவ்வாண்டு அக்டோபரில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அதே கணக்கு 66 லட்சத்தைக் கடந்தது. ஒரு குழந்தையும் பிறவாமல் இருபது லட்சம் பேர் கூடினர்! நம் மாவட்டத்திற்கும் இது பொருந்தும். 1901-இல் தென்னார்க்காடு மாவட்டத்தில் 23,49,894 பேர் என்று பதிவாயிற்று. அம்மாவட்டம் இன்று இல்லை. 1993-இல் அது பிரிந்து விழுப்புரம் பிறந்தது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. 2011-இல் 34,58,873 பேரைக் கொண்டிருந்த விழுப்புரம் மாவட்டம் வேறு, இன்றைய விழுப்புரம் மாவட்டம் வேறு. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்து முடிவு கூறும் மாணவர், முதலில் இரண்டும் ஒரே நிலத்தைக் குறிக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

பழைய எண்களில் ஒன்று மட்டும் நம் மனத்தை விட்டு அகலாதது. 1871-இல் தென்னார்க்காட்டு மக்கள் 17,55,817. பத்தாண்டு கழித்து 1881-இல் 18,14,738. பத்தாண்டில் கூடியவர் அறுபதாயிரத்திற்கும் குறைவு. அடுத்த பத்தாண்டிலோ அம்மாவட்டத்தில் மூன்று லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் பேர் கூடினர். முதற் பத்தாண்டில் நிகழ்ந்தது என்ன? 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது ஆண்டுப் பஞ்சம். சென்னை மாகாணம் முழுமையிலும் மக்கள்தொகை 3 கோடி 12 லட்சத்திலிருந்து 3 கோடி 8 லட்சமாகக் குறைந்தே போயிற்று. கஞ்சித் தொட்டியின் முன் நின்றவர் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. சாலையோரத்தில் விழுந்தவருக்குக் கல்லறையும் இல்லை. அவர்கள் இருந்தனர், பின் இல்லாமற் போயினர் என்பதற்கு அறிக்கைகள் பல இருப்பினும், ஊர்தோறும் நின்று சான்று சொல்வன இவ்விரு எண்களே. எண்ணிக்கை உயிரற்றது என்பார்க்கு நாம் காட்டுவது இதனைத்தான்.

எண்ணும் பழக்கம் நமக்கு ஆங்கிலேயர் தந்த கொடையன்று. தஞ்சைப் பெரிய கோயிற் சுவரில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டொன்று, தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரைத் தெரு, சிறகு, வீட்டு வரிசை ஆகிய முறையில், எவ்வூரிலிருந்து வந்தவர் என்னும் குறிப்போடு அடுக்குகிறது. இன்றைய வீட்டுப் பட்டியலுக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று. அரபு நாட்டில் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய 'திவான்' என்னும் பதிவேடு, பொதுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை பெறுவோரைப் பெயரும் குலமும் சுட்டிப் பதிந்தது. பால்குடி மறந்த பின்னரே குழந்தைக்குத் தொகை என்றிருந்த விதியால் தாய்மார் முன்கூட்டியே பால் மறக்கச் செய்வதைக் கண்டு, பிறந்த நாள் முதலே குழந்தையின் பெயரைப் பதியுமாறு அவர்கள் ஆணையிட்டதாக வரலாறு கூறும். எண்ணும் விதி தவறினால் எண்ணப்படுவோர் நடத்தையும் மாறும் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

நம் ஊர்களிலும் 'தலைக்கட்டு' என்றொரு கணக்கு உண்டு. கோயில் திருவிழாவாயினும், ஜமாஅத்துச் சந்தாவாயினும், ஏரி மராமத்தாயினும், மணமான ஆடவர் ஒருவருக்கு ஒரு தலைக்கட்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் இதனை எழுதி வைத்திருப்பார். பிழையற்ற கணக்கு அது. ஏனெனில் பணம் தொடர்புடையது! ஆயின் அதில் கைம்பெண்ணுக்கு இடமில்லை, வாடகைக்கு வந்தவருக்கு இடமில்லை, வட மாநிலத்திலிருந்து வந்து ஓட்டலில் பணியாற்றும் இளைஞருக்கு இடமில்லை. 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தபோது, ஊரை மனத்திலேயே எண்ணி வைத்திருந்த தலைமுறையும் மெல்ல மறைந்தது. அப்பதவிகள் ஒழிந்தது நன்று என்பதே நம் கருத்து. ஊரின் கணக்கு ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் இருத்தல் ஆகாது. ஆனால் அந்த இடத்தில் வந்து அமர்ந்த பத்தாண்டுக் கணக்கு, 2011-க்குப் பின் வரவேயில்லை.

2011-இல் நாம் பள்ளி ஆசிரியராக இருந்தோம். கணக்கெடுப்பாளர் பணி நமக்கும் வந்தது. பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகச் சென்றோம். ஓட்டு வீடொன்றின் திண்ணையில் மூதாட்டியார் ஒருவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டோம்.

"எட்டுப் பேரு தம்பி, எழுதிக்க."

வீட்டிற்குள் இருந்தவர் மூவர். மூதாட்டியார், ஒரு மருமகள், ஒரு பேத்தி. மூத்த மகனும் அவர் மனைவியும் பெங்களூரில் கட்டட வேலையில். கடைசி மகன் சென்னையில் ஒரு கடையில். இரண்டாம் மகன் சவூதியில். மூத்த பேரன் துபாயில். கணக்கெடுப்புக் காலம் முழுமையும் வெளியில் இருப்போரை அவ்வீட்டில் எழுதலாகாது என்பது விதி. விதியை எடுத்துச் சொன்னோம்.

"அப்ப என் புள்ளைங்கள இல்லன்னு எழுதப்போறியா?"

"இல்லன்னு எழுதல நன்னிமா. அவங்கள பெங்களூர்ல எழுதுவாங்க, சென்னையில எழுதுவாங்க."

"துபாய்ல?"

விடை கூற இயலவில்லை. துபாயிலும் சவூதியிலும் இருப்போர் இந்தியக் கணக்கில் எங்கும் வாரார். பெங்களூரில் தகரக் கொட்டகைக்குள் இருந்த மூத்த மகனை அங்கே எவரேனும் தேடிச் சென்று எழுதினாரா என்பதையும் நாம் அறியோம். மூன்று என்றே எழுதினோம். விதிப்படி அது சரி. ஆனால் அவ்வீட்டின் அடுப்பு எட்டுப் பேரின் உழைப்பில் எரிந்தது. பெருநாளுக்கு எட்டுப் பேருக்கும் தண்ணீர் வேண்டும். குழாயின் அளவை முடிவு செய்யும் அலுவலர் கையிலோ மூன்று என்னும் எண் மட்டுமே இருக்கும்.

இதன் மறுபுறத்தை மேல்மலையனூரிற் காணலாம். அமாவாசை இரவில் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்திற்குப் பெருந்திரள் கூடுகிறது. அவ்வூரின் மக்கள்தொகை எண் அத்திரளை அறியாது. கழிப்பிடமும் குடிநீரும் குப்பை வண்டியும் வேண்டுவது வந்தவர்க்கும் சேர்த்து. ஊரில் உறங்குவோர் எண், ஊரைப் பயன்படுத்துவோர் எண் என இரண்டு இருத்தல் வேண்டும் என்பதை நம் நிருவாகம் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. சந்தை நாளில் பேட்டைகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இவற்றால் விளைவது என்னவெனில், பங்கீடு. உள்ளாட்சி வார்டுகளின் எல்லை, தனி வார்டுகளின் ஒதுக்கீடு, மாநில நிதிக்குழு வழியே வரும் தொகையின் பெரும்பகுதி ஆகியன மக்கள்தொகை எண்ணைக் கொண்டே வகுக்கப்படுகின்றன. விழுப்புரம் மாவட்டத்தின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தபோது வார்டுகள் 2011 கணக்கின்படியே அமைந்திருந்தன. 2022-இல் நடந்த நகர்ப்புறத் தேர்தலுக்கும் அடிப்படை அதுவே. 2011-இல் செஞ்சிப் பேரூராட்சியின் மக்கள் ஏறத்தாழ 27 ஆயிரம். நகராட்சியாவதற்கு 30 ஆயிரம் என்பது நெடுநாளைய அளவுகோல். அதன்பின் திண்டிவனம் சாலையிலும் திருவண்ணாமலைச் சாலையிலும் எழுந்த மனைப்பிரிவுகளை நாமே கண்ணாற் கண்டோம். ஆயினும் சட்டப்படி ஏற்கத்தக்க எண் 2011-இல் உறைந்து கிடக்கிறது. 2025 சூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. இனி வரும் சுற்றுலாப் பயணியருக்கான ஏற்பாடுகளும் அந்தப் பழைய எண்ணின் மேலேதான் எழுப்பப்படவேண்டும் போலும்!

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் தகாது. ஊராட்சிகளைப் பேரூராட்சியாக்கவோ அண்டை நகரோடு இணைக்கவோ அரசு முனையும்போது, அதனை எதிர்த்து மறியல் செய்வோர் பெரும்பாலும் ஏழை மகளிரே. ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிக்கே உரியது. நகரமானால் வேலை போகும், வீட்டு வரி ஏறும். கடைவீதியில் இருப்போர் நகரமாக வேண்டும் என்கின்றனர். காலனியிலும் கொல்லைமேட்டிலும் இருப்போர் வேண்டா என்கின்றனர். இருவர் கூற்றும் அவரவர் நிலையில் உண்மை. தகுதி உயர்ந்தால் ஊர் உயர்ந்துவிடும் என்று கைதட்டும் கூட்டத்தில் நாம் இல்லை. முதலில் உண்மையான எண் வெளிவரட்டும். அவ்வெண்ணை ஊரார் முன் வைத்து, எவர் எதனை இழப்பர் எனக் கூறி, பின்னர் முடிவு செய்யட்டும். எண்ணே இல்லாதபோது நடைபெறும் வழக்காடல், அளவையின்றி நெல் பங்கிடுவதை ஒக்கும்.

மொழிக் கட்டத்தைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் சொல்லாமல் விடுதல் முறையன்று. 2011-இல் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் 42 லட்சத்து 29 ஆயிரம். உருதுவைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 12 லட்சத்து 64 ஆயிரம். எஞ்சியோரில் மிகப் பெரும்பாலோர் தமிழையே கூறினர் என்பது கணக்கிலிருந்தே விளங்கும். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி நிலவிய செஞ்சிப் பகுதியில் இவ்விரு மொழியினரும் ஒரே தெருவில், சிலபோது ஒரே வீட்டில் வாழ்கின்றனர். திண்ணை மூதாட்டியாரிடம் தாய்மொழி யாது எனக் கேட்டபோது, அவர் பேத்தியைத் தக்கனி உருதுவில் அதட்டிவிட்டு நம்மிடம் தமிழில் கூறினார்: "ரெண்டுலயுந்தான் திட்டுறேன். உனக்கு எது வேணுமோ எழுதிக்க." சிரித்தோம். எனினும் எழுதுவோர் விருப்பத்திற்கு விடப்பட வேண்டிய கட்டம் அன்று அது. குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே தாய்மொழி. அதனைத் தவிர அறிந்த மொழிகள் இரண்டைக் குறிக்கத் தனி இடமுண்டு. உருது பேசுவோர் உருது என்றும், தமிழ் பேசுவோர் தமிழ் என்றும் அச்சமோ பெருமையோ இன்றிச் சொல்லுதல் வேண்டும். உருதுப் பள்ளிக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஆசிரியர் பணியிடம் கேட்கும் நாளில் சான்றாக நிற்பது அக்கட்டமே.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. 2025 சூன் 16-இல் வெளியான அறிவிக்கையின்படி 2027 மார்ச் 1-ஆம் நாளின் தொடக்கமே எண்ணிக்கைக்குரிய நேரம். அதற்கு முந்திய பிப்ரவரியில் வீடு வீடாக எண்ணுவர். கைப்பேசிச் செயலியின் வழியே பதிவு நடைபெறும். மக்கள் தாமே பதிந்துகொள்ளவும் வழியுண்டு. சாதியும் கேட்கப்படும். நம் பெரியவர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2027-இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ரமலான் பிறை தோன்றும். ஏறத்தாழக் கணக்கெடுப்பு முழுமையும் நோன்புக் காலத்தில் நிகழும். பகலில் சோர்ந்திருக்கும் வீடுகளிலும், இரவில் தராவீஹ் தொழுகைக்கு ஆடவர் சென்றுவிடும் வீடுகளிலும் கதவு தட்டும் ஆசிரியைக்கு விடை கூற ஆள் வேண்டும். பெருநாளுக்கு ஊர் திரும்புவோர் பலர் மார்ச் 1-க்குப் பின்னரே வந்து சேர்வர். அவர்கள் தாம் தங்கியிருக்கும் ஊரில் எண்ணப்பட்டனரா என்பதைத் தொலைபேசியில் கேட்டறிதல் வீட்டாரின் கடமை. ஜும்ஆவிற்குப் பின் ஒரு நிமிடம் இதனை அறிவித்தாற் போதும்.

அச்சம் ஒன்று உள்ளதையும் நாம் அறிவோம். சொன்ன விவரம் எங்கே போகும், எதற்குப் பயன்படும் என்னும் ஐயம் பல தெருக்களில் உண்டு, நம் தெருவில் மட்டும் அன்று. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனியொருவர் பற்றிய பதிவை எவரும் பார்வையிட உரிமையில்லை என்றும், வழக்கில் அதனைச் சான்றாகக் கொள்ள இயலாது என்றும் கூறுகிறது. அப்பாதுகாப்பைக் காக்குமாறு அரசைக் கேட்கும் உரிமை, உண்மையைச் சொன்னவர்க்கே உண்டு. கதவைச் சாத்திக்கொண்டவர் எண்ணிலிருந்து மறைவார். அவர் தெருவின் குழாயும் அவரோடு மறையும்.

நம் துறை மாணவர்க்கு ஒரு பணியை வரும் கல்வியாண்டில் தர எண்ணியுள்ளோம். அவரவர் ஊரில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, தெருப்பெயரின் காரணம், வீடுகளின் எண்ணிக்கை, பூட்டிக் கிடப்பவை, வெளியூர் சென்றோர் சென்ற இடம், வந்தோர் வந்த இடம், பேசும் மொழிகள் ஆகியவற்றை எழுதிவரல் வேண்டும். பெயர் குறித்தல் கூடாது. அரசின் கணக்கு வெளிவந்த பின் இரண்டையும் ஒப்பிடலாம். தலைக்கட்டு நோட்டு வைத்திருக்கும் பெரியவர்கள் பழைய நோட்டுகளை எடைக்குப் போடாமல் கல்லூரி நூலகத்திற்குத் தந்தால் பெரிதும் பயன்படும்.

மாதிரிக்கென அந்தத் திண்ணை வீட்டுத் தெருவுக்கே அண்மையில் சென்றிருந்தோம். மூதாட்டியார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆயினவாம். பேத்திக்குத் திருமணமாகி ஆம்பூரில் இருக்கிறாள். மருமகள் மகளோடு சென்றுவிட்டார். கதவில் பூட்டு. நிலைப்படியின் மேல், முன்னொரு நாள் கணக்கெடுப்பிற்காக எழுதிய எண் பாதி அழிந்து கிடந்தது. எதிர்வீட்டுச் சிறுவன், "யாரும் இல்ல சார், பெருநாளைக்கு வருவாங்க" என்றான். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டோம். விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். பதினொன்று வந்தது.